கம்ப்ளையன்ஸ் இன்டர்ன்ஷிப் எடுக்கலாமா? திருப்பூர்ல ஆறு வாரம் இருந்துட்டு வந்து எழுதறேன்

எம்.பி.ஏ. இன்டர்நேஷனல் பிசினஸ் ஜூனியர்ஸ் நாலஞ்சு பேரு ஒரே கேள்விய கேட்டுட்டாங்க, சம்மர் இன்டர்ன்ஷிப்புக்கு மெர்ச்சண்டைசிங் எடுக்கறதா கம்ப்ளையன்ஸ் எடுக்கறதான்னு. மெர்ச்சண்டைசிங்னா பையர்கிட்ட, அதாவது துணி வாங்கற ஃபாரின் கம்பெனிகிட்ட, பேசி ஆர்டர் எடுத்து தேதிக்கு அனுப்ப வைக்கற வேலை. கம்ப்ளையன்ஸ்னா சட்டத்தையும் பையர் போடற விதியையும் ஃபேக்டரி ஒழுங்கா நடத்துதான்னு பாக்கற வேலை. ஒவ்வொருத்தருக்கா வாய்ஸ் நோட் அனுப்பி மாளல, அதான் மொத்தமா இங்க எழுதிடறேன். நான் 2024 மே மாசம் ஆரம்பிச்சு ஆறு வாரம் திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் பனியன் கம்பெனில கம்ப்ளையன்ஸ் டிபார்ட்மென்ட்ல இருந்தேன். கம்பெனி பேரும் எங்க காலேஜ் பேரும் சொல்லப் போறதில்ல, அங்க என்கிட்ட மனசு விட்டுப் பேசுனவங்க வேலைக்கு என்னால ஒண்ணும் ஆகக்கூடாது. 5-க்கு 4 குடுப்பேன். அந்த ஒண்ணு ஏன் கொறஞ்சுதுன்னு பின்னாடி சொல்றேன்.

முதல்ல கிளாஸ்ல என்ன படிச்சிட்டு போனேன்னு சொல்லணும், ஏன்னா அதையும் சேத்து தான் இந்த ரிவ்யூ. எங்களுக்கு இன்டர்நேஷனல் பிசினஸ்னா இன்கோடெர்ம்ஸ் 2020-ல, அதாவது சரக்கு அனுப்பறதுல செலவும் ரிஸ்க்கும் யாருதுன்னு சொல்ற விதிகள்ல, இருக்கற 11 ரூல், எஃப்.ஓ.பி.ன்னா சரக்கு கப்பல்ல ஏறுன நிமிஷத்துல இருந்து ரிஸ்க் யாருது, லெட்டர் ஆஃப் கிரெடிட்ல, அதாவது பேங்க் குடுக்கற பண உத்தரவாதத்துல, டாக்குமென்ட் சரியா பொருந்தலன்னா பேங்க் என்ன பண்ணும், அப்புறம் ஹாஃப்ஸ்டெட்ங்கற ஆராய்ச்சியாளர் சொன்ன பவர் டிஸ்டன்ஸ், அதாவது மேல இருக்கறவங்களுக்கும் கீழ இருக்கறவங்களுக்கும் உள்ள அதிகார இடைவெளி, இப்படி. இதெல்லாம் நல்லா தான் நடத்துனாங்க, குறை சொல்ல மாட்டேன். ஆனா ஒர்க்பிளேஸ் ஸ்டாண்டர்ட்ஸ்ங்கறது அஞ்சாவது யூனிட், செமஸ்டர் முடியற நேரத்துல மூணு கிளாஸ்ல ஓட்டி முடிச்சிட்டாங்க. லீவைஸ் கம்பெனி 1991-ல சப்ளையர்களுக்கு நடத்தை விதி போட்டுச்சு, தொழிலாளிங்கள நடத்தற விதத்துக்கு சர்டிஃபிகேட் குடுக்கற எஸ்.ஏ. 8000 ஸ்டாண்டர்ட் 1997-ல வந்துச்சு, 1998-ல நைக்கி கம்பெனி தலைவர் ஃபில் நைட் மேடை ஏறி கம்பெனி மேல இருந்த கெட்ட பேர ஒத்துக்கிட்டாரு, இந்த வருஷமெல்லாம் மனப்பாடம் பண்ணி அஞ்சு மார்க்குக்கு எழுதுனேன். ரானா பிளாசா, வங்கதேசத்துல இடிஞ்சு விழுந்த கார்மென்ட் கட்டடம், அதுக்கு ஒரே ஒரு ஸ்லைடு. 2013 ஏப்ரல் 24, டாக்கா பக்கத்துல சாவர்ங்கற ஊரு, எட்டு மாடி, 1,134 பேரு செத்துப் போனாங்க. முந்தின நாளே சுவத்துல விரிசல் விட்டு, கீழ இருந்த பேங்க்கையும் கடைகளையும் மூடிட்டாங்க, மேல தைக்கற ஆளுங்கள மட்டும் மறுநாள் காலைல உள்ள போகச் சொன்னாங்க. அந்த ஸ்லைடு மாத்தறப்ப எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு, ஆனா அடுத்த ஸ்லைடுல வேலை எடத்துப் பாதுகாப்புக்கான ஐ.எஸ்.ஓ. 45001 ஸ்டாண்டர்ட் வந்துடுச்சு, எழுதிட்டு போயிட்டேன்.

நானா லைப்ரரில உக்காந்து தேடி படிச்சதுல ஒண்ணு மட்டும் மனசுல நின்னுச்சு. ஐ.எல்.ஓ., அதாவது சர்வதேச தொழிலாளர் அமைப்பு, 1919-ல போட்ட முதல் ஒப்பந்தமே வேலை நேரம் பத்தி தான், வாரத்துக்கு 48 மணி நேரம்னு. ஆனா அதோட பத்தாவது ஆர்ட்டிகிள்ல பிரிட்டிஷ் இந்தியாவுக்கு தனியா 60 மணி நேரம்னு எழுதியிருக்காங்க. உலகத்துக்கு ஒரு நேரம் நமக்கு ஒரு நேரம்னு முதல் நாளே எழுதி வச்சது நூறு வருஷம் கழிச்சு எங்க இருந்து எட்டிப் பாக்குதுன்னு திருப்பூர் போன மூணாவது வாரம் தான் எனக்கு புரிஞ்சுது, அத அங்க வர்றப்ப சொல்றேன்.

முதல் நாள். கம்ப்ளையன்ஸ் மேனேஜர் சார் அம்பது வயசு தாண்டினவரு, கோபிப் பக்கத்து ஆளு, கண்ணு கண்ணுன்னு தான் கூப்பிடுவாரு. ஃபைல் குடுப்பாருன்னு நெனச்சேன். எந்திரிச்சு வா கண்ணுன்னு கூட்டிட்டுப் போயி ஒவ்வொரு எமர்ஜென்சி கதவா என்னய தள்ளிப் பாக்கச் சொன்னாரு. மொத்தம் ஒம்போது கதவு. வெளிப்பக்கமா தெறக்குதா, கை வச்ச உடனே தெறக்குதா, பூட்டு தொங்குதா, முன்னாடி ஏதாச்சும் வச்சிருக்கா. தள்ளி முடிச்சதும் தான் கதை சொன்னாரு. 2012 செப்டம்பர் 11-ல கராச்சி பல்டியா டவுன்ல ஒரு கார்மென்ட் ஃபேக்டரில தீ புடிச்சு 250 பேருக்கு மேல செத்துப் போனாங்க, ஜன்னல்ல எல்லாம் கம்பி, வெளிய வர வழி இல்ல. அந்த ஃபேக்டரிக்கு சில வாரத்துக்கு முன்னாடி தான் எஸ்.ஏ. 8000 சர்டிஃபிகேட் குடுத்திருந்தாங்க. "சர்டிஃபிகேட்ட சுவத்துல பாத்தீன்னா சந்தோசப்படு கண்ணு, ஆனா கதவ தள்ளிப் பாத்துட்டு சந்தோசப்படு"ன்னாரு. அன்னைல இருந்து ஆறு வாரமும் காலைல போன உடனே எனக்கு அதான் முதல் வேலை, ஒம்போது கதவும் தள்ளி நோட்டுல டிக் போடறது. எந்த புக்குலயும் இப்படி எனக்கு ஸ்டாண்டர்ட் சொல்லிக் குடுத்ததில்ல. அந்த ஒரு காலைக்காகவே ரெண்டு ஸ்டார் குடுத்துட்டேன்.

அப்புறம் ஒன்றரை வாரம் ஃபைல் தான், அத மறைக்க மாட்டேன், அலுப்பா இருக்கும். வயசு ப்ரூஃப், மஸ்டர் ரோல்ங்கற வருகைப் பதிவேடு, சம்பள ரிஜிஸ்டர், ஓவர்டைம் ரிஜிஸ்டர், பி.எஃப். இ.எஸ்.ஐ. சலான், ஃபயர் லைசன்ஸ், ஃபயர் டிரில் போட்டோ, குடிதண்ணி டெஸ்ட் ரிப்போர்ட், கேன்டீன்காரங்க மெடிக்கல் செக்கப். இ.எஸ்.ஐ.ன்னா தொழிலாளிங்களுக்கான மருத்துவ இன்சூரன்ஸ், சம்பளம் 21,000 வரைக்கும் இருக்கறவங்களுக்கு, தொழிலாளிகிட்ட 0.75 சதவீதம் கம்பெனிகிட்ட 3.25 சதவீதம், இதெல்லாம் கிளாஸ்ல ஹெச்.ஆர். பேப்பர்ல படிச்சது தான், ஆனா ஒரு சலானையும் மஸ்டரையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பேரு பேரா டிக் பண்றப்ப தான் யாரு விட்டுப் போயிருக்காங்கன்னு தெரியும். பொதுவா கான்ட்ராக்ட்ல வந்தவங்க தான் விட்டுப் போயிருப்பாங்க. நான் புடிச்சது ஏழு பேரு, அத்தனை பேரும் ஒடிசா பசங்க, ஆதார்ல ஒரு ஸ்பெல்லிங் பேங்க்ல ஒரு ஸ்பெல்லிங். சரி பண்ண நாலு நாள் ஆச்சு. அந்த நாலு நாள்ல நான் உருப்படியா ஒண்ணு பண்ணிருக்கேன்னு தோணுச்சு.

இப்ப ஊசி ரிஜிஸ்டர் பத்தி சொல்லியே ஆகணும். குழந்தைங்க துணி தைக்கற லைன்ல ஒரு ஊசி உடைஞ்சா மெஷின நிறுத்தணும், உடைஞ்ச துண்டு அத்தனையும் தேடி எடுக்கணும், டேப் போட்டு ரிஜிஸ்டர்ல ஒட்டணும், தேதி, லைன் நம்பர், மெஷின் நம்பர், டெய்லர் பேரு எல்லாம் எழுதணும். ஒட்டுனத பாத்தா முழு ஊசி வடிவம் வரணும். ஒரு துளி கொறஞ்சாலும் அந்த இடத்துல இருந்த பீஸ் எல்லாத்தையும் மெட்டல் டிடெக்டர்ல ஓட்டணும். பழைய ஊசிய குடுத்தா தான் புது ஊசி. நான் அந்த ரிஜிஸ்டர பக்கம் பக்கமா பொரட்டிப் பாத்தேன், வருஷக்கணக்கா ஒரு நாள் கூட விட்டுப் போகாம ஒட்டியிருக்காங்க, கோயில் கணக்கு மாதிரி அவ்ளோ சுத்தம். எங்கயோ ஜெர்மனில ஒரு கைக்குழந்தைக்கு குத்திடக் கூடாதுன்னு இங்க ராத்திரி எட்டு மணிக்கு நாலு பேரு தரைல முட்டி போட்டு ஊசி முனைய தேடறாங்க. பாக்கறப்ப எனக்கு பெருமையா தான் இருந்துச்சு.

அதே லைன்ல தைக்கற அக்காவோட மெஷின்ல நீடில் கார்டு இல்ல. வெரல் உள்ள போயிடாம தடுக்கற சின்ன கம்பி தான் அது, ஒரு மெஷினுக்கு பெரிய செலவே கெடையாது. டிராயர்ல இருக்கு. ஏங்க்கா மாட்டலன்னு கேட்டா, மறைக்குது, நூல் கோக்க நேரம் ஆகுது, பீஸுக்கு இவ்ளோன்னு கூலி வர்ற பீஸ் ரேட்டுல அத மாட்டிட்டு தைச்சா சாயங்காலம் எனக்கு தான் நட்டம்னாங்க. எடது கை ஆள்காட்டி வெரல் நகத்துல ஒரு பழைய தழும்பு காட்டுனாங்க. ஊசி உடைஞ்சு துணில போனா பையர் சரக்க திருப்பி விடுவான், கன்டெய்னரே நிக்கும். ஊசி வெரல்ல போனா ஃபர்ஸ்ட் எய்ட் பாக்ஸ் தெறப்பாங்க, மறுநாள் அந்த மெஷினுக்கு வேற ஆள் வரும். ஒரே ஊசி தான், எந்தப் பக்கம் குத்துனா யாருக்கு பணம் போகுதுங்கறத பொறுத்து ஒண்ணுக்கு கோயில் கணக்கு, இன்னொண்ணுக்கு டிராயர். இத நான் மேனேஜர் சார்கிட்ட அப்படியே சொன்னேன், கோபப்படல. கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, பீஸ் ரேட்டுல இருக்கற வரைக்கும் நான் மாட்டச் சொல்றது ஆடிட் அன்னைக்கு மட்டும் தான் கண்ணு நிக்கும்னாரு. அவரு பொய் சொல்லலங்கறதே எனக்கு பெருசா பட்டுச்சு.

ஆடிட் நாலாவது வாரத்துல வந்துச்சு. ஸ்மெட்டான்னு பையருங்க ஏத்துக்கற ஒரு வகை ஆடிட், நாலு பில்லர், அதாவது தொழிலாளர் உரிமை, பாதுகாப்பு, சுற்றுச்சூழல், பிசினஸ் நேர்மை. செமி அனவுன்ஸ்டுன்னு சொல்லுவாங்க, மூணு வாரத்துக்குள்ள எந்த நாள் வேணாலும் வருவாங்கன்னு முன்னாடியே தெரியும். அதனால அந்த மூணு வாரமும் கம்பெனி வேற மாதிரி இருந்துச்சு. தரைல மஞ்சக் கோடு புதுசா அடிச்சாங்க, டாய்லெட்ல சோப்பு வந்துச்சு, நீடில் கார்டு எல்லாம் டிராயர்ல இருந்து மெஷினுக்கு ஏறுச்சு, செக்கிங் அக்காமாருக்கு மாஸ்க். இதுல ஒண்ண புரிஞ்சிக்கங்க, பெரும்பாலும் ஆடிட்டுக்கு காசு கட்டறது ஃபேக்டரி தான், ரிப்போர்ட் கேக்கறது பையர் தான், மெஷின்ல உக்காந்திருக்கவங்க ரெண்டுலயும் இல்ல. ஒரு சர்வீஸுக்கு ரிவ்யூ எழுதறதுன்னா காசு குடுத்தவங்க எழுதுவாங்க, இல்ல வாங்கினவங்க எழுதுவாங்க, இங்க அந்த சர்வீஸ் யாருக்காகவோ அவங்கள ரிவ்யூ எழுத யாரும் கேக்கறதே இல்ல.

ஆடிட்டர் மோசமானவரு கெடையாது, அதையும் சொல்லணும். காலைல ஒம்பதுக்கு வந்து ராத்திரி வரைக்கும் உக்காந்தாரு, தண்ணி டேங்க் மூடிய தெறந்து பாத்தாரு, சாயம் கலக்கற ரூம்ல கெமிக்கல் டப்பாவுல லேபிள் இல்லாதத புடிச்சாரு. ஆனா தொழிலாளிங்ககிட்ட தனியா பேசற இடத்துல தான் எனக்கு வருத்தம். அவருக்கு தமிழும் இந்தியும் தெரியும், ஒடியா தெரியாது. ஒடிசாப் பொண்ணுங்க இந்தில ஜி ஜின்னு தலையாட்டிட்டு வந்துட்டாங்க. தமிழ் ஆளுங்களுக்கு முந்தின நாளே லைன் சூப்பர்வைசர் சொல்லிக் குடுத்திருந்தாரு, எட்டு மணி நேரம் தான் வேலை, ஓவர்டைம்னா ரெட்டைச் சம்பளம், ஞாயித்துக்கெழம லீவு. தேனில இருந்து வந்த ஒரு அக்கா, நான் அவங்களோட தான் மத்தியானம் சாப்பிடுவேன், அவங்களையும் கூப்பிட்டாங்க. வெளிய வந்ததும் என்னக்கா சொன்னீங்கன்னேன். "சொல்லிக் குடுத்தத சொன்னேன் தாயி. அந்த சார் ரெண்டு நாள்ல போயிருவாரு, நான் திங்கக்கெழம இங்க தான வரணும்"னாங்க. அதுக்கு மேல நான் எதும் கேக்கல.

திருப்பூர்ல வேலை நேரத்த மணி கணக்குல யாரும் சொல்ல மாட்டாங்க, ஷிப்ட் கணக்குல தான் சொல்லுவாங்க. காலைல எட்டரைல இருந்து சாயங்காலம் அஞ்சரை ஒரு ஷிப்ட், ராத்திரி ஒம்பது வரைக்கும் இழுத்தா ஒன்றரை ஷிப்ட். நான் இருந்த எடத்துல எல்லாருமே ஒன்றரை தான் பேசுவாங்க, சனிக்கெழம சம்பளம் வாங்கறப்ப எத்தன ஒன்றரைன்னு எண்ணுவாங்க. சட்டப்படி அந்த அரை ஷிப்டுக்கு ரெட்டை வரணும், அப்ப இருந்த 1948 ஃபேக்டரிஸ் ஆக்ட்ல 59-வது பிரிவு, சுவத்துல தமிழ்லயே ஒட்டியிருந்துச்சு. வந்தது ஒத்தை. நான் ஒருத்தரோட ஒரு வாரத்த கூட்டிப் பாத்தேன், 60-க்கு மேல போச்சு. எஸ்.ஏ. 8000-ல கூட 48-ம் அதிகபட்சம் 12 ஓவர்டைமும் சேத்து 60 தான் எல்லை. 1919-ல நமக்குன்னு தனியா எழுதி வச்ச அந்த 60 ஞாபகம் வந்துச்சு. ரிஜிஸ்டர்ல இருந்த நேரமும் நான் பாத்த நேரமும் ஒண்ணா இல்ல, இதுக்கு மேல அத பத்தி எழுத மாட்டேன். (இப்ப போறவங்களுக்கு ஒண்ணு, 2025 நவம்பர் 21-ல இருந்து பழைய தொழிலாளர் சட்டங்களுக்கு பதிலா நாலு லேபர் கோடும் அமலுக்கு வந்துடுச்சு, பழைய செக்ஷன் நம்பர மனப்பாடம் பண்ணிட்டுப் போகாதீங்க, ஆனா ஓவர்டைமுக்கு ரெட்டைங்கறது அதுலயும் இருக்கு.)

அஞ்சாவது வாரம் நடந்தது தான் இந்த முழு இன்டர்ன்ஷிப்லயும் நான் கத்துக்கிட்ட பாடம். ஒரு பெரிய ஆர்டர், பையர் சைடுல சேம்பிள் அப்ரூவல் ஒம்பது நாள் லேட்டு. பிரிண்ட் கலர் புடிக்கல, மறுபடி அனுப்புன்னு ரெண்டு தடவ. ஆனா ஷிப்மென்ட் தேதி மட்டும் மாறல, தூத்துக்குடில கப்பல் கட் ஆஃப் அப்படியே நிக்குது, லேட் ஆனா ஏர்ல அனுப்பணும், அந்த செலவு கம்பெனி தலைல. அந்த ஒம்பது நாளையும் எங்க இருந்து எடுக்கறது? தைக்கறவங்க தூக்கத்துல இருந்து தான். மூணு நாள் தொடர்ந்து ராத்திரி வேலை. நான் வியாழக்கெழம காலைல வழக்கம் போல கதவு தள்ளப் போனேன், பேக்கிங் செக்ஷன்ல நாலாம் நம்பர் கதவு தெறக்கல. பூட்டெல்லாம் இல்ல, முன்னாடி அட்டைப்பெட்டி, ஆள் உயரத்துக்கு மேல அடுக்கி வச்சிருக்காங்க, மஞ்சக் கோடு பெட்டிக்கு அடில எங்கயோ இருக்கு. பேக்கிங் அண்ணன்கிட்ட சொன்னேன். எங்க வைக்கட்டும் பாப்பா, நீயே சொல்லுன்னாரு. சுத்தி பாத்தேன், நெஜமாவே எடம் இல்ல.

அங்க நின்னுட்டு தான் எனக்கு ஒண்ணு ஒறைச்சுது. எஃப்.ஓ.பி. தேதி, அதாவது சரக்கு கப்பல் ஏற வேண்டிய தேதி, எங்களுக்கு ரெண்டாவது யூனிட், ஒர்க்பிளேஸ் ஸ்டாண்டர்ட் அஞ்சாவது யூனிட். பரிட்சைல ரெண்டுக்கும் நடுவுல எந்த கேள்வியும் வந்ததில்ல. இங்க ரெண்டாவது யூனிட்டோட அட்டைப்பெட்டி அஞ்சாவது யூனிட்டோட கதவ அடைச்சிட்டு நிக்குது. பையர் கம்பெனில ஆர்டர் போடற டிபார்ட்மென்ட் வேற, கோட் ஆஃப் கான்டக்ட்ங்கற நடத்தை விதிய அனுப்பற டிபார்ட்மென்ட் வேற, ரெண்டும் ஒரே ஃபேக்டரிக்கு ரெண்டு மெயில் அனுப்புது. ஒண்ணு விலைய கொறை, சீக்கிரம் குடுங்குது, இன்னொண்ணு 60 மணி நேரத்துக்கு மேல போகாதேங்குது. ரெண்டு மெயிலுக்கும் நடுவுல நிக்கறது அந்த பேக்கிங் அண்ணன். ஆடிட்டர் வந்து போயி ஒரு வாரம் தான் ஆகியிருந்துச்சு, ரிப்போர்ட்ல அந்த கதவுக்கு டிக் இருக்கு, அவரு பாத்தப்ப நெஜமாவே தெறந்துச்சு. மேனேஜர் சார் வந்து ஓனர்கிட்ட சண்டை போட்டு பக்கத்துல இருந்த டைனிங் ஹால பாதி காலி பண்ணி பெட்டிய அங்க மாத்துனாரு. மத்தியானம் அக்காமாரு எல்லாம் படிக்கட்டுல உக்காந்து சாப்பிட்டாங்க.

இதெல்லாம் படிச்சிட்டு ஸ்டாண்டர்டே வேஸ்ட்டுன்னு நெனச்சிடாதீங்க, நானும் ரெண்டாவது வாரத்துல அப்படித்தான் நெனச்சேன். தேனி அக்கா தான் திருத்துனாங்க. அவங்க இதுக்கு முன்னாடி மூணு வருஷம் பவர் டேபிள்ல இருந்தவங்க. பவர் டேபிள்னா தெரியாதவங்களுக்கு, பெரிய கம்பெனி வெட்டிக் குடுக்கற துணிய வாங்கி தைச்சு மட்டும் குடுக்கற சின்ன யூனிட், வீட்டு மாடில, தகர ஷெட்டுல பத்து மெஷின் போட்டு நடத்துவாங்க. அங்க ஒரே டாய்லெட், அதுவும் ஓனர் வீட்டுக்குள்ள, போகணும்னா கேட்டுட்டு போகணும். பி.எஃப்., இ.எஸ்.ஐ. கெடையாது. இங்க கூலி பெருசா வித்தியாசம் இல்லன்னாலும் ஃபேன் இருக்கு, டாய்லெட் இருக்கு, புள்ளைய விட கிரீச் இருக்கு, அவங்க வீட்டுக்காரருக்கு கல்லடைப்பு வந்தப்ப இ.எஸ்.ஐ. கார்ட வச்சு தான் பாத்தாங்க. "ஃபாரின்காரன் பாக்க வருவான்ங்கறதுக்காகவாச்சும் பண்றாங்கள்ல"ன்னாங்க. கிரீச்சுக்கு நானே ரெண்டு மூணு தடவ போனேன், ஆடிட் இல்லாத நாள்லயும் பத்து பன்னெண்டு புள்ளைங்க இருந்துச்சு, ஆயாம்மா பருப்பு சோறு பெசஞ்சு ஊட்டிட்டு இருப்பாங்க. சோர்வா இருந்தா நானும் போயி அஞ்சு நிமிஷம் அங்க உக்காந்துக்குவேன்.

இன்னொண்ணும் இங்க வந்து தான் தெரிஞ்சுது. ஊருக்குள்ள வயசானவங்க கிட்ட பேசுனா 1984-ல பஞ்சப்படிக்காக, அதாவது விலைவாசிக்கு ஏத்த படிக்காக, 127 நாள் பனியன் தொழிலாளிங்க வேலை நிறுத்தம் பண்ணத சொல்லுவாங்க. எங்க புக்குல ஸ்டாண்டர்டோட வரலாறு 1991-ல அமெரிக்கக் கம்பெனில ஆரம்பிக்குது. திருப்பூர்ல அதுக்கு ஏழு வருஷம் முன்னாடியே இந்த சண்டைய போட்டு முடிச்சிட்டாங்க. அப்புறம் 2011 ஜனவரில சாயக்கழிவு வழக்குல ஹைகோர்ட் சொல்லி சாயப்பட்டறைங்கள மூடுனது, சாயத்தண்ணியால நொய்யல் ஆறும் அதுல இருக்கற ஒரத்துப்பாளையம் டேமும் என்ன ஆச்சுங்கறது, இதெல்லாம் எங்க ஊர்ப்பக்கத்து கதை, அம்பது கிலோமீட்டர் தூரத்துல கோயம்புத்தூர்ல உக்காந்து படிச்ச எங்க சிலபஸ்ல ஒரு வரி இல்ல. இது எனக்கு நெஜமாவே கோபம் வர்ற விஷயம்.

ஆடிட்ட தவிர வேற வழியே இல்லையான்னு திரும்பி வந்து தேடினேன். ரானா பிளாசால இருந்த சில ஃபேக்டரிங்கள்ல சோஷியல் ஆடிட் நடந்திருந்துச்சு, கட்டடம் உறுதியா இருக்கான்னு பாக்கறது அந்த ஆடிட்ல வரவே இல்ல. அதனால தான் 2013 மே மாசம் வங்கதேசத்துல அக்கார்டு வந்துச்சு. பிராண்டும் யூனியனும் சேந்து போட்ட ஒப்பந்தம், கோர்ட்டு வரைக்கும் இழுக்கலாம், இருநூறு பிராண்டுக்கு மேல கையெழுத்து போட்டாங்க, எஞ்சினியர் வந்து தூணு, வயரிங், கதவு பாப்பாரு, ஆபத்துன்னா வேலை செய்ய மாட்டேன்னு சொல்ற உரிமை தொழிலாளிக்கு உண்டு. நம்ம பக்கத்துலயே 2022 ஏப்ரல்ல திண்டுக்கல் ஒப்பந்தம் வந்துச்சு. 2021 ஜனவரில அங்க ஒரு கார்மென்ட் ஃபேக்டரில வேலை செஞ்ச இளம்பெண் கொலை செய்யப்பட்டதுக்கு அப்புறம், தலித் பெண்கள் நடத்தற தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் போராடி, ஹெச் அண்ட் எம், கேப், பி.வி.ஹெச். மூணையும் கையெழுத்து போட வச்சாங்க. லைன்ல வேலை செய்யற பெண்களே பயிற்சி எடுத்து பாலியல் தொல்லைய கவனிச்சு புகார் சொல்லலாம்னு அதுல இருந்துச்சு. ரெண்டு நாள்ல கெளம்பிப் போற ஆடிட்டர் கிட்ட சொல்றதுக்கும், திங்கக்கெழமையும் பக்கத்து மெஷின்லயே உக்காந்திருக்கற ஒருத்திகிட்ட சொல்றதுக்கும் எவ்ளோ வித்தியாசம்னு தேனி அக்கா சொன்னத கேட்டதுக்கு அப்புறம் இத படிச்சா தெரியும். நான் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல இதுக்கு ஒரு சாப்டரே ஒதுக்குனேன்.

இப்ப அந்த ஒரு ஸ்டார். என் ரிப்போர்ட்ல நாலாம் நம்பர் கதவு பத்தியும் அரை ஷிப்டுக்கு ஒத்தை சம்பளம் வர்றத பத்தியும் மூணு பக்கம் எழுதியிருந்தேன். கம்பெனி பேரு போடல, ஆள் பேரு போடல. கையெழுத்துக்கு குடுத்தப்ப ஆபீஸ்ல வேற ஒரு பெரியவர் படிச்சிட்டு இந்த மூணு பக்கத்த எடுத்தா சைன் போடறேன்னாரு. காலேஜ்ல கேட்டேன், எடுத்துடும்மா, அடுத்த வருஷம் ஜூனியர்ஸ அங்க அனுப்பணும்லன்னு சொல்லிட்டாங்க. எடுத்தேன். வைவால ஒரு எக்ஸ்டர்னல் உங்க ரெகமண்டேஷன் எல்லாம் ரொம்ப பொதுவா இருக்கேன்னு கேட்டாங்க, எனக்கு அழுகையே வந்துடுச்சு. எட்டு மணி நேரம்னு சொல்லிட்டு வந்த அக்காவுக்கும் எனக்கும் அன்னைக்கு என்ன வித்தியாசம்? அவங்களுக்கு சம்பளம், எனக்கு மார்க். இன்டர்நேஷனல் பிசினஸ் நடத்தற டிபார்ட்மென்ட் இந்த எடத்துல ஸ்டூடன்ட் பக்கம் நின்னிருக்கணும். அந்த ஒரு ஸ்டார நான் திருப்பிக் குடுக்கறதா இல்ல.

மெர்ச்சண்டைசிங் எடுத்தா வேலை சீக்கிரம் கெடைக்கும், பையர்கூட பேச இங்கிலீஷ் வரும், அது உண்மை. ஆனா ஜெர்மனில சப்ளை செயின் சட்டம் 2023 ஜனவரில இருந்து அமல்ல இருக்கு, ஐரோப்பிய யூனியன் அதே மாதிரி பெருசா ஒரு சட்டம் 2024-ல கொண்டு வந்து 2025-ல அத தள்ளிப் போட்டாங்க, எப்ப வந்தாலும் ஃபேக்டரிக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்ச ஆளு வேணும். மெர்ச்சண்டைசரா போறவங்களுக்குமே ஒரு வாரமாச்சும் கம்ப்ளையன்ஸ்ல உக்கார வைக்கணும்ங்கறது என் ஆசை. தேதிய ஒத்துக்கறது அவங்க தான.

போறவங்களுக்கு. ஸ்டைபன்ட் எனக்கு பஸ் காசும் மத்தியான சாப்பாடும் போக பெருசா மிஞ்சல, அத நம்பிப் போகாதீங்க. காந்திபுரத்துல இருந்து தெனம் பஸ்ல போலாம், ஆனா ராத்திரி ஷிப்ட் பாக்கணும்னா திருப்பூர்லயே லேடீஸ் ஹாஸ்டல் பாத்துக்கங்க. ஷூ போடுங்க, பஞ்சுத் தூசிக்கு மாஸ்க் எடுத்துக்கங்க, அவங்களுக்கு குடுக்கலன்னா நீங்களும் ரெண்டு மூணு சேத்து வாங்கிட்டு போங்க. இந்தில பேரு, ஊரு, எத்தன மணிக்கு வந்தீங்கன்னு கேக்கற அளவுக்காச்சும் கத்துக்கங்க, முடிஞ்சா ஒடியால. டீ டைம்ல ஆபீஸ் ரூம்ல உக்காராதீங்க, வெளிய பேக்கரிக்கு போங்க, அங்க தான் எல்லாரும் பேசுவாங்க, டெய்லர், கைமடி, செக்கிங், அயர்ன் மாஸ்டர்னு யாரு என்னன்னு அங்க தான் புரியும். ரிப்போர்ட்டுக்கு யாரு கையெழுத்து போடுவாங்க, என்ன எழுதலாம்னு முதல் வாரத்துலயே கைட் கிட்ட மெயில்ல கேட்டு வச்சிக்கங்க, வாய்ல கேக்காதீங்க. அப்புறம் ஷிப்மென்ட் வாரம் எப்பன்னு மேனேஜர்கிட்ட கேட்டுக்கங்க. அந்த வாரம் மட்டும் ஊருக்கு போறேன்னு லீவு போட்டுடாதீங்க, சாயங்காலம் ஏழு மணிக்கு மேல பேக்கிங் செக்ஷன்ல போயி நில்லுங்க, கதவ தள்ளிப் பாருங்க.